இறங்க மட்டும் தெரிஞ்ச வண்டி

உக்காரு தங்கச்சி. வண்டி எங்கேயும் ஓடிப்போயிடாது, பூட்டித்தான் இருக்கு. ஜீப்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. டீ கொதிக்குது, குடிச்சுட்டுப் போகலாம். சக்கரை போடலாமில்ல? எங்க வீட்டுல சக்கரைன்னாலே பயம், அதான் கேட்டுக்கறேன்.

போஜன் சொல்லித்தான் வந்தேன்னு சொன்னே. போஜன் நல்ல மனுஷன். எங்க தேயிலை எஸ்டேட்ல இலை டிராக்டர் ஓட்டுறான். ஆனா அவனுக்கு எதையும் பாதிதான் சொல்ல வரும். துரைக்கண்ணு ஃபிட்டர் வீட்டுல ஒரு வண்டி சும்மா நிக்குது, போய்க் கேளுன்னு சொல்லியிருப்பான். சும்மா நிக்கிறது நிஜம்தான். அதுக்காக எடுத்துட்டுப் போன்னு உடனே தூக்கிக் குடுத்துட முடியுமா. பிரேக் எப்படிப் பிடிக்கும், எந்தப் பக்கம் சாயும், எதெல்லாம் கழண்டுக்கும்னு சொல்லாம குடுத்தா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது. அதனால முதல்ல எல்லாத்தையும் சொல்றேன். தர்றேனா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. அதையும் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.

உன் வீட்டுக்காரர் சவுக்கு மரத்துல கிளை வெட்டும்போது விழுந்தவர்தானே. இடுப்பா? சரி. கை ரெண்டும் நல்லா இருக்கா? கை நல்லா இருக்கணும். இது கையால ஓட்டுற வண்டி.

எங்க வீட்டுக்காரருக்குக் கால். ஃபேக்டரியில இலை உருட்டுற மெஷினுக்கும் காய வைக்கிற மெஷினுக்கும் அவர்தான் வைத்தியர். கால்ல ஒரு கொப்புளம் வந்துச்சு. செருப்பு கடிச்சிருக்கும்னு நினைச்சோம். நான் அப்பவே சொன்னேன், கம்பவுண்டர்கிட்டக் காட்டுங்கன்னு. நான் எதையுமே முதல்லயே சொல்லிடுவேன். யார் கேக்கறா. கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க. இடது கால்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒரு வேடிக்கை. அவருக்குச் செருப்பு வாங்கினா இடது கால் செருப்பு அப்படியே புதுசா நிக்கும். வலது காலுக்கு மட்டும் குடுங்கன்னா கடைக்காரர் குடுப்பாரா. ஜோடியாத்தான் தருவார். வலது கால்ல ஒட்டுமொத்த பாரமும் போறதால அது சீக்கிரம் தேஞ்சிடும், இன்னொரு ஜோடி வாங்கணும். இப்படி இடது கால் செருப்பா சேர்ந்துச்சு. நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன். கட்டிலுக்கு அடியில வரிசையா வெச்சிருந்தேன். இதை ஏன் சொல்றேன்னா, பிரேக் விஷயத்துக்கு இது வேணும். பின்னால சொல்றேன்.

முக்குல இருந்து இந்த லைன் வீட்டுக்கு ஜீப்புல வந்துட்டே, நடந்து ஏறியிருந்தா மூச்சு வாங்கியிருக்கும். ரெண்டு கால் இருக்கிறவங்களுக்கே அப்படி. பஸ் நிக்கிறது கீழே. டீக்கடை கீழே. டிஸ்பென்சரி கீழே. நாங்க மேலே. சர்க்கார்ல ஒரு சக்கர நாற்காலி குடுத்தாங்க, அது இந்த மேட்டுல என்ன பண்ணும். கட்டைக்கால் ஒண்ணும் குடுத்தாங்க, போட்ட இடத்துல புண்ணாயிடுச்சு, மூலையில சாத்திட்டார். அப்படியே வீட்டுக்குள்ள உக்காந்துட்டார். ஒரு வருஷம் இருக்கும். நான் கொழுந்து பறிக்கப் போகும்போது எல்லாம் சொல்லிட்டுத்தான் போவேன். அடுப்புகிட்டப் போகாதீங்க. வாசல்ல பாசி இருக்கு, கால் வைக்காதீங்க. கதவை உள்ளே தாழ் போட்டுக்காதீங்க, ஒண்ணுன்னா யார் உடைக்கிறது. அவர் தலையை ஆட்டுவார். சாயங்காலம் வந்து பார்த்தா காலையில உக்காந்த இடத்துலயே உக்காந்திருப்பார். எனக்கும் நிம்மதி.

அப்புறம் ஒரு நாள் வாசல்ல அடுப்புக்கரியால என்னமோ கிறுக்கியிருந்தார். நான் தண்ணி விட்டுக் கழுவிட்டேன். மறுநாளும் இருந்துச்சு, மறுநாளும் கழுவினேன். நான் நாலாம் கிளாஸோட நின்னவ, எனக்கு அது கோலமா கணக்கான்னு எங்கே தெரியும். அப்புறம் பார்த்தா உள்ளே சுவத்துல, காலண்டருக்குப் பின்னால வரைஞ்சு வெச்சிருக்கார். காலண்டரை எடுத்தாத்தான் தெரியும். மூணு வட்டம், நடுவுல ஒரு பலகை. இது என்னன்னு கேட்டேன்.

"வண்டி"ன்னார்.

"யார் இழுக்கறது?"

"யாரும் இழுக்க வேண்டாம். மேடு இருக்கில்ல."

அவ்வளவுதான். எங்க எஸ்டேட்ல இளவட்டப் பசங்க பலகையில பழைய பேரிங்கைச் சக்கரமா மாட்டி ரோட்டுல உருண்டு வருவாங்களே, உங்க பக்கமும் இருக்கும், அந்த மாதிரின்னு நினைச்சேன். அவர் அது ஆகாதுன்னார். பேரிங் மட்டும் இருந்தா குழியில அடிச்சு முதுகெலும்பு ஆடிடும், சின்னக் கல்லு வந்தாலே நின்னுடும், ஆள் பறந்துடுவான்னார். ரப்பர் டயர் வேணும், உள்ளே நல்ல பேரிங் வேணும், ஆள் தரையை ஒட்டி உக்காரணும். வருஷம் பூரா சேர்த்துப் பேசினதை விட அன்னிக்கு அதிகம் பேசினார். எனக்குப் பயமாப் போச்சு.

பேரிங் ஃபேக்டரியில கழிச்சுப் போட்டது. அவர்கூட வேலை பார்த்தவங்க கொண்டுவந்து குடுத்தாங்க. சக்கரம் போஜன் பிடிச்சுட்டு வந்தான். ரெண்டு சின்ன சக்கரம் ஒரு கேரட் தள்ளுவண்டியில இருந்தது, பெருசு ஒண்ணு பழைய மொபெட்ல இருந்தது. சட்டத்துக்கு என்ன பண்ணப் போறார்னு நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்தேன், வீட்டுல கட்டிலைக் காணோம். செருப்பெல்லாம் வரிசையா வெறும் தரையில இருக்கு, மேலே கட்டில் இல்லை. இரும்புக் கட்டில் தங்கச்சி, எங்க அம்மா வீட்டுல குடுத்தது. அறுத்துட்டார். நாலு துண்டா வாசல்ல கிடக்குது. நான் கத்தினேன். இனிமே எங்கே படுப்பீங்கன்னு கேட்டேன். படுத்தது போதும்னார்.

அன்னிலேர்ந்து தரையிலதான் படுத்தார். ஒத்தக் காலோட தரையிலேர்ந்து எழுந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. சுவத்தைப் பிடிச்சு, என் தோளைப் பிடிச்சு. ஆனா கேட்டா கஷ்டம்னு சொல்ல மாட்டார்.

இந்தா டீ. சூடு பார்த்துக் குடி.

முதல்ல முன்னால ஒரு சக்கரம், பின்னால ரெண்டுன்னு வெச்சார். அதுகூட நான் சொன்னதுதான். ஆட்டோவுக்கு முன்னால ஒண்ணுதானே, அப்படியே வைங்கன்னு சொன்னேன். அவருக்கு மனசு ஒப்பலை, ஆனா எனக்காக அப்படியே வெச்சார். கோயிலுக்குப் பின்னால சரிவுல போஜன் ஏறிப் பார்த்தான். திருப்பத்துல வண்டி ஒரு பக்கமாத் தூக்கி அவனைத் தேயிலைக்குள்ள கொட்டிடுச்சு. முழங்கையெல்லாம் ரத்தம். எழுந்து வந்து சொல்றான், "ஃபிட்டரண்ணா, வண்டி நல்லா இருக்கு, நேர் ரோடு ஒண்ணு போட்டுக் குடுங்க." அவர் சிரிச்சார். கால் போனதுக்கப்புறம் அவர் சத்தமாச் சிரிச்சதை அன்னிக்குத்தான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரலை. போஜனுக்குப் பதிலா இவர் உக்காந்திருந்தா? அதைத்தான் கேட்டேன். சிரிப்பு நின்னுடுச்சு.

அப்புறம் மாத்தினார். முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. இப்ப நீ பார்க்கறது அதுதான். இது கவிழாது, அதை மட்டும் நான் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன். முன் சக்கரம் ரெண்டையும் இந்தக் கம்பிதான் திருப்பும். குழந்தை மாதிரி பிடிக்கணும், ரொம்ப இறுக்கிப் பிடிச்சா வண்டி மிரளும்னு அவர் சொல்லுவார்.

பிரேக்குக்கு வர்றேன். இந்தக் கைப்பிடியை இழுத்தா கீழே இருக்கிற கட்டை பின் சக்கரத்துல போய் உரசும். கட்டையில என்ன ஒட்டியிருக்குன்னு குனிஞ்சு பாரு. தெரியுதா? இடது கால் செருப்பு. டயர் ரப்பர் வெச்சுப் பார்த்தார், வழுக்குச்சு. ஒரு நாள் தரையில படுத்துக்கிட்டே அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்துட்டு இருந்தார். ஒண்ணை எடுத்து அடிப்பாகத்தை வெட்டி ஆணி அடிச்சார். அப்படிப் பிடிச்சுச்சு. நடக்கிறதுக்குத்தான் ஆகலை, நிக்கிறதுக்காவது ஆகட்டும்னார். தேயத் தேய அடுத்த செருப்பு. அதுக்குக் குறைவே இல்லை.

இங்கே பாரு, ரெண்டு காது வெச்ச நட்டு. கையாலேயே திருகலாம். இதை இறுக்கினா கட்டை சக்கரத்துகிட்டப் போயிடும், எப்பவும் லேசா உரசிக்கிட்டே இருக்கும், வண்டி மாடு மாதிரி போகும். தளர்த்தினா கைப்பிடியை இழுத்தாத்தான் பிடிக்கும், இல்லைன்னா காத்து மாதிரிதான்.

நான் காலையில வேலைக்குப் போகும் முன்னாடி இதை இறுக்கிட்டுப் போவேன். அவர் முன்னாலேயே இறுக்குவேன். அவர் பார்த்துட்டே இருப்பார். அப்புறம் கிளம்பி கீழே முக்குக்குப் போவார். டீக்கடையில உக்காருவார், பஸ்ஸைப் பார்ப்பார், யாராவது மிக்ஸி, தையல் மெஷின் கொண்டுவந்தா பிரிச்சு மாட்டிக் குடுப்பார். சாயங்காலம் போஜன் இலை எடுக்க மேலே வரும்போது அவரையும் வண்டியையும் டிராக்டர்ல ஏத்திட்டு வந்துடுவான். இந்த வண்டிக்கு இறங்க மட்டும்தான் தெரியும். ஏற யாராவது வேணும். அதை நல்லா ஞாபகம் வெச்சுக்க, உன் வீட்டுலயும் அப்படித்தான்.

நான் சாயங்காலம் வந்ததும் முதல்ல செருப்பைத்தான் பார்ப்பேன். தேஞ்சிருந்தா மெதுவாப் போயிருக்கார். தேயலைன்னா தளர்த்தியிருக்கார். முதல் வாரத்துலயே கண்டுபிடிச்சுட்டேன். தேயவே இல்லை. கற்பூர மரத்து வளைவு இருக்கே, இங்கேயிருந்து பார்த்தா அதுவரைக்கும்தான் ரோடு தெரியும், அதைத் தாண்டினதும் நிறுத்தித் தளர்த்திக்குவார்போல. நான் கேக்கலை. மறுநாள் இன்னும் ஒரு சுத்து இறுக்கினேன். அப்புறம் செருப்பு தேய ஆரம்பிச்சுச்சு. சரி, சொன்னது கேட்டுச்சுன்னு நினைச்சேன். பத்து நாள் கழிச்சு உத்துப் பார்த்தா, தேஞ்சது குறுக்குவாட்டுல இருக்கு. சக்கரம் தேய்ச்சா நெடுக்காத்தானே தேயும். டீக்கடைக் கல்லுல வெச்சுத் தேய்ச்சிருக்கார். எனக்காக உக்காந்து தேய்ச்சிருக்கார்.

அதையும் நான் கேக்கலை. அவரும் சொல்லலை. நான் இறுக்குவேன், அவர் தளர்த்துவார், கல்லுல தேய்ப்பார், நான் பார்ப்பேன். இப்படியே போச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்களுக்குள்ள இவ்வளவு பேச்சு இருந்ததில்லைன்னு இப்பத் தோணுது. சரி, அதை விடு.

சித்திரையில மாரியம்மன் திருவிழா. மஞ்சத் தண்ணி ஊத்துற அன்னிக்கு மத்தியானம் கோயில்லேர்ந்து முக்கு வரைக்கும் வண்டிப் பந்தயம் விடுவாங்க. பசங்க பேரிங் வண்டியில வருவாங்க, மேளம் அடிப்பாங்க, வழியெல்லாம் ஜனம் நிக்கும். இவர் பேரைக் குடுத்துட்டு வந்துட்டார். என்கிட்டச் சொல்லலை. தண்ணிக் குழாயில ஒருத்தி கேக்கறா, "ஏங்க்கா, ஃபிட்டரண்ணன் ஜெயிச்சா அண்டா குடுப்பாங்களாமே, எங்கே வெப்பீங்க?"ன்னு.

வீட்டுக்கு வந்து நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இருக்கிற ஒரு காலும் போகணுமான்னு கேட்டேன். அவர் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தார். நிறுத்தலை. அப்ப நான் சொன்னேன், போறதுன்னா நானும் வருவேன், பின்னால உக்காந்து பிரேக்கை நான்தான் பிடிப்பேன்னு. மாட்டேன்னு சொல்லுவார், பந்தயமும் போகட்டும்னு விட்டுடுவார்னு நினைச்சேன். அவர் எண்ணெய் டப்பாவை மூடி வெச்சார்.

"ஏறு"ன்னார்.

ஏறினேன். என்ன பண்றது. புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, பின் சக்கரத்துக்கு மேலே பலகை போட்டு, அவர் முதுகுக்குப் பின்னால. ஜனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே. ஒருத்தன் தேங்காயைக் குடுத்து மடியில வெச்சுக்கச் சொல்றான், மறுவீடு போறாங்க பாருன்னு. அவரும் சேர்ந்து சிரிச்சார், அது எனக்குக் கேட்டுச்சு.

மேளம் அடிச்சதும் பசங்க எல்லாம் பாய்ஞ்சுட்டாங்க. நாங்களும் கிளம்பினோம். கற்பூர மரத்து வளைவு வரைக்கும் மெதுவாத்தான் போனோம், நான் கைப்பிடியை விடவே இல்லை. வளைவு தாண்டினதும் ரோடு நேரா இறங்குது. அங்கேயிருந்து கீழே எல்லாம் தெரியுது, முக்கு தெரியுது, பஸ் தெரியுது, தேயிலை பச்சையா ரெண்டு பக்கமும். அங்கே அவர் திரும்பாமலே சொன்னார்.

"கையை எடு, மரகதம்."

கல்யாணமானதுலேர்ந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏய், கேட்டியா, அப்படித்தான். நான் எடுக்கலை. எப்படி எடுக்கறது சொல்லு. அவ்வளவு பெரிய இறக்கம், முன்னால ஒண்ணுமே இல்லை. ரெண்டு கையாலயும் பிடிச்சேன். செருப்பு கருகற வாசம் வந்துச்சு.

நாங்க கீழே போய்ச் சேர்ந்தப்ப ஜெயிச்சவன் அண்டாவை வாங்கிட்டான், மேளக்காரங்க டீ குடிச்சுட்டு இருந்தாங்க. ஆனா எல்லாரும் கை தட்டினாங்க. மாலை போட்டாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மாலை. நல்ல நாள் அது. ஒரு சிராய்ப்பு இல்லாம வந்து சேர்ந்தோம். அவருக்கும் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும். நான் பின்னால உக்காந்திருந்தேன், அவர் முகம் எனக்குத் தெரியலை. சிரிச்சுட்டே வந்தார்னு போஜன் சொல்றான். குழாயடியில அந்தப் பொண்ணு சொல்றா, கண்ணுல தண்ணி ஓடிட்டே இருந்துச்சுக்கான்னு. காத்து அடிச்சா கண்ணுல தண்ணி வரும். நாங்க போன வேகத்துக்குக் காத்து எங்கே அடிச்சுச்சுன்னு மட்டும் கேக்காதே.

அதுக்கப்புறம் செருப்பு நேராத் தேஞ்சுச்சு. நெடுக்கு வாட்டத்துல, அழகா. நான் இறுக்கி வெச்சது இறுக்கி வெச்சபடியே சாயங்காலம் திரும்பி வரும். வழிக்கு வந்துட்டார்னு எனக்குத் திருப்தி. எத்தனை மாசம் போராடினேன். டீக்கடைக்குப் போறதும் குறைஞ்சுச்சு. நாலு நாளைக்கு ஒரு தடவை போவார். ஒரு செருப்பு அவ்வளவு நாள் வந்துச்சு.

ஆடியில மழை பிடிச்சுது. மழையில அந்த ரோடு பாசி பிடிச்சுக் கிடக்கும். செருப்பு ஈரத்துல பிடிக்காது, அது அவரே சொன்னது. அதனால சந்தையில மாட்டுச் சங்கிலி ஒண்ணும் பூட்டு ஒண்ணும் வாங்கினேன். மழை நாள்ல சக்கரத்தைச் சுத்தி இந்தக் குழாய்க் கம்பத்தோட பூட்டிட்டு, சாவியை இடுப்புல சொருகிட்டு வேலைக்குப் போவேன். மழை இல்லாத நாள்ல பூட்ட மாட்டேன். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல. பூட்டினப்ப அவர் நட்டை இறுக்கறதைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு இருந்தார், அவ்வளவுதான்.

ஐப்பசியில அன்னிக்கும் மழை. காலையில நெஞ்சு கரிக்குதுன்னார். ஓமத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். கீழே போய்க் கம்பவுண்டரைப் பார்த்துட்டு வர்றேன்னார். இந்த மழையிலயான்னு கேட்டேன். சாயங்காலம் போஜன் டிராக்டர்ல நானே கூட்டிட்டுப் போறேன், பேசாம படுத்திருங்கன்னு சொன்னேன். தலையை ஆட்டினார். நான் பூட்டிட்டுப் போனேன்.

கொஞ்ச நேரத்துல மழை விட்டுடுச்சு. நல்ல வெயில். தேயிலையெல்லாம் மினுங்குது. சாவியை யார்கிட்டயாவது குடுத்தனுப்பலாமான்னு ஒரு தடவை நினைச்சேன். ரோடு காயட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் மேஸ்திரி வந்து கூப்பிட்டார், மரகதம், கூடையை வெச்சுட்டு வான்னு.

அவர் இங்கேதான் இருந்தார். இந்தச் சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். தூங்குற மாதிரி இருந்தார்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படியெல்லாம் இல்லை, செத்தவர் மாதிரிதான் இருந்தார். ஊன்றுகோல் ரெண்டும் பக்கத்துல ஒழுங்கா வெச்சிருந்துச்சு. வாசல்ல பாசி, அதுல வழுக்காம எப்படி வந்தார்னு தெரியலை.

வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான். வண்டி கவிழ்ந்துடுச்சா, வண்டியில போய் விழுந்தாரான்னு. நான் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னேன். இல்லை, வண்டி கவிழலை, வண்டி பூட்டித்தான் இருந்துச்சுன்னு. வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். பூட்டித்தான் இருந்துச்சு, சாவி என்கிட்டதான் இருந்துச்சுன்னு. கம்பவுண்டர் சொன்னார், கீழே வந்திருந்தாலும் பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாதும்மான்னு.

நான் அழலைன்னு குழாயடியில பேசிக்கிறாங்களாம். அழுகை வரலை, என்ன பண்றது. காரியம் முடிஞ்சதும் வேலைக்குப் போயிட்டேன். சாப்பிடறேன், தூங்கறேன். காலையில எழுந்ததும் கை மட்டும் நட்டை இறுக்கப் போகும்.

அதைச் சொல்ல மறந்துட்டேன் பாரு. அன்னிக்கு அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினதுக்கப்புறம் வண்டிகிட்ட வந்து பார்த்தேன். நட்டு தளர்ந்திருந்துச்சு. காலையில நான் இறுக்கிட்டுத்தான் போனேன், எனக்கு நல்லாத் தெரியும். ஆறு மாசமாத் தொடாத நட்டு. பூட்டின வண்டிக்கு எதுக்கு நட்டைத் தளர்த்தணும் சொல்லு. நகராத வண்டிக்கு. எத்தனையோ தடவை யோசிச்சுட்டேன். முதல்ல தளர்த்திட்டு அப்புறம் சங்கிலியைப் பார்த்தாரா, சங்கிலியைப் பார்த்துட்டுத்தான் தளர்த்தினாரா. உனக்கு ஏதாவது தோணுதா? வேண்டாம், சொல்லாதே.

ஹாரன் அடிக்கிறான் பாரு. வர்றோம்னு சொல்லு.

உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் வண்டியைப் பத்தி? கேட்டதும் எழுந்து உக்காந்துட்டாரா. ம்.

நீ வந்ததுலேர்ந்து மூணு தடவை கேட்டுட்டே, அக்கா பிரேக் நல்லாப் பிடிக்குமா, அக்கா ரொம்ப வேகமாப் போகாதேன்னு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பிடிக்கும். ரொம்ப நல்லாப் பிடிக்கும். நட்டை நீயும் இறுக்குவே, இறுக்கிக்க, அதை வேண்டாம்னு நான் யாரு சொல்ல. உங்க ரோட்டுலயும் உன் கண்ணு எட்டாத வளைவு ஒண்ணு இருக்கும். சாயங்காலம் செருப்பை மட்டும் உத்துப் பார்த்துட்டு இருக்காதே. குறுக்க தேஞ்சிருந்தா நல்லா இருக்கார்னு அர்த்தம்.

இந்தா, இதையும் வெச்சுக்க. கடைசியா வாங்கின ஜோடியோட இடது கால். ஒரு நாள்கூடப் போடாதது. இப்ப இருக்கிறது தேஞ்சா இதை வெட்டி ஆணி அடிக்கச் சொல்லு. நடக்காததால உன் வீட்டுக்காரர் செருப்பும் தேயாமத்தான் கிடக்கும், ஆனாலும் இது இருக்கட்டும்.

இரு, பூட்டைத் திறக்கறேன். துரு பிடிச்சிருக்கு. அன்னிலேர்ந்து திறக்கலை. இதோ, வந்துடுச்சு.

தள்ளிப் பாரு. லேசா. பார்த்தியா, எப்படி நகருதுன்னு. பேரிங் அப்படி. நட்டு அவர் வெச்ச அளவுலதான் இருக்கு, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அதை மட்டும் தொடாதே.

சங்கிலியா? இல்லை தங்கச்சி. சங்கிலியும் பூட்டும் வண்டியோட சேர்ந்தது இல்லை. அது இங்கேயே இருக்கட்டும். மழை நாளைக்கு வேணும்னுதான் கேக்கறே, தெரியும். நானும் மழைக்குத்தான் வாங்கினேன். தர மாட்டேன். சந்தையில வேற வாங்கிப்பேன்னா வாங்கிக்க, அது உன் பாடு. என் கையால வேண்டாம்.

கிளம்பு. மேகம் கறுத்துட்டு வருது. வழியில மழை பிடிச்சுக்கும். பிடிச்சா பிடிக்கட்டும், போ.